சாலவாக்கம் பஸ் போன ஊர்கள்

ஒட்டுக்கேட்பது பாவம் என்று சொல்லித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார்கள். எனக்கு அதுதான் உத்தியோகம்.

கைப்பேசியில் விளையாடுகிற ஒரு விளையாட்டு. பெயர் வேண்டாம், நடுக்கடலில் ஒரு தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாலு பேராக அணி சேர்ந்து தீவில் இறங்கி, ஓடி, ஒளிந்து, மற்ற அணிகளைச் சுட்டு, கடைசிவரை நிற்கிறவர்கள் ஜெயிப்பார்கள். அணியில் ஒருவராவது நிற்கும்வரை சுடப்பட்டவர்கள் மறுபடி நுழையலாம். ஆடும்போது மைக்கில் பேசிக்கொள்ளலாம். தமிழ் பேசுகிறவர்களுக்கென்று தனி அரங்கு உண்டு. அங்கே யார் யாரை என்ன சொல்கிறார்கள், அதில் எது விளையாட்டு, எது வினை என்று கேட்டுப் பிரிப்பது என் வேலை. கம்பெனி சென்னையில். நான் உட்கார்ந்திருப்பது உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில், எங்கள் வீட்டு மாடியில், தகர ஷீட்டுக்குக் கீழே. சிக்னல் அங்கேதான் வருகிறது. நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிக் காது வெந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

கொக்கு

கண்காணிக்கிறவர்கள் தீவுக்குள் மனுஷராகப் போக முடியாது, பறவையாகத்தான் போக வேண்டும். கம்பெனி எனக்குக் கொடுத்தது ஒரு வெள்ளைக் கொக்கு. அதை யாரும் சுட முடியாது. அது எழுத்தில் எச்சரிக்கை அனுப்பலாம். மைக் இருந்தாலும் திறக்கக் கூடாது என்பது விதி. மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கரையோரமாகப் பறந்துகொண்டிருப்பேன். அந்தக் கடலில் எப்போதும் சாயங்காலம்தான். ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஏரி, தை மாதத்துத் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும், அதன் மேல் நிஜக் கொக்குகள் தாழப் பறக்கும். சில மதியங்களில் இதில் எந்தக் கொக்கு நான் என்று சந்தேகம் வந்துவிடும். உண்ட மயக்கம் என்பார் என் மாமியார்.

தீவுக்குள் நுழையும்போது ஒலிக்கிற சத்தத்தை அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். பையன்கள் இடி வைப்பார்கள், பட்டாசு வைப்பார்கள். சிங்கக்குட்டி என்று பெயர் வைத்திருந்த ஒருவன் நுழைந்தால் சிங்கம் உறுமும். அவன் பேச்சில் எங்கள் உத்திரமேரூர் வாடை அடிக்கும். கொக்கைப் பார்த்ததும் முதல் குரல் அவனுடையதுதான். கம்பெனி ஆள் என்றால் ஆம்பளை, சென்னையில் ஏசி ரூமில் இருக்கிறவர் என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்திருந்தார்கள். நானும் திருத்தவில்லை.

"டேய், கொக்கு சார் வந்துட்டாரு, எல்லாம் நல்ல பசங்களா மாறிக்குங்கடா."

பேசிய குற்றம்

நாலைந்து பேர் சேர்ந்து ஒருவர் மேல் புகார் அழுத்தினால் அவருடைய மைக் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பேச்சுத் துண்டு என்னிடம் வரும். கேட்டுப் பார்த்து, குற்றமில்லை என்றால் நான் திறந்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னென்ன வசவு கேட்கப்போகிறோமோ என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹெட்போனில் ஒரு பெண் சொன்னாள், "இடது பக்கம் ஆள் வராங்க." அவ்வளவுதான். அடுத்த துண்டில் இன்னொரு பெண், "யார்கிட்டயாவது கட்டுத்துணி இருக்கா?" அதற்கடுத்தது வெறும் "வணக்கம்". திட்டினவன் மேல் புகாரே வராது. அவனும் கூட்டாளிகளும் சேர்ந்து பெண்ணின் மேல் அழுத்திவிடுவார்கள். நான் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

இப்படி என் பகல்கள் முன்பின் தெரியாத பெண்களின் சாதாரண வாக்கியங்களாகப் போயின. ஒருத்திக்குப் பின்னால் மழை பெய்யும். ஒருத்தி வீட்டில் மிக்சி ஓடும். ஒருத்தி பக்கத்தில் குழந்தை தூங்குகிற மூச்சு கேட்கும், அதனால் அவள் ரகசியம் மாதிரி பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டால், ஊர் ஊராக, வீடு வீடாக, செருப்பில்லாமல் நடந்துபோகிற மாதிரி இருக்கும். கோபமும் வரும். மயக்கமும் கோபமும் ஒன்றாக வருமா என்று கேட்காதீர்கள், எனக்கு வந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், புகார் கொடுத்த ஒருவனிடம் அந்தப் பெண் என்ன தப்பாகப் பேசினாள் என்று எழுதிக் கேட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே பதில் வந்தது.

"பேசுச்சு சார், அதான்."

பாக்கி விசில்

தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். விளையாட்டில் வேறு பெயர், எனக்கு அவர் குக்கர் அக்கா. மைக்கைத் திறந்தால் அவருக்கு முன்னால் அடுப்பில் இருக்கிற குக்கர் பேசும். தினமும் அவர் மேல் புகார் விழும், தினமும் நான் திறந்துவிடுவேன். பால் பொங்குகிறதா என்று போய்ப் பார்ப்பதுபோல அதுவும் என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

பெண் குரல் கேட்டதும் பையன்கள் ஒரு வசனம் சொல்வார்கள். ஏதோ பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி எல்லோருக்கும் அதே வசனம்: "போய்ச் சோறாக்கும்மா." மற்றப் பெண்கள் அத்தோடு மைக்கை மூடிக்கொள்வார்கள். அன்று ஒரு புதுப் பையன் அக்காவிடம் அதைச் சொன்னான். சொல்லி வாய் மூடுமுன் பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குண்டு வந்து, மணலில் மல்லாந்து கிடந்தான். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"சோறாக்கிக்கிட்டேதான் தம்பி ஒன்னையச் சுட்டேன், இன்னும் ஒரு விசில் பாக்கி இருக்கு, எந்திரிச்சு வா."

விளக்கு

குக்கர் அக்காவின் தைரியம் எல்லோருக்கும் வந்துவிடுமா? பெரும்பாலான பெண்கள் மைக்கைத் திறப்பதே இல்லை. பெயரைப் பாம்பு, பருந்து என்று வைத்துக்கொள்வார்கள். நுழைகிற சத்தத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஆனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பேசாதவள் ஒருத்தி இன்னொரு பேசாதவளைக் கண்டால், கையிலிருக்கிற அரிக்கேன் விளக்கைத் தரையில் வைத்து, பக்கத்தில் கொஞ்சம் உட்காருவாள். மற்றவளும் வைப்பாள். பிறகு எழுந்து அவரவர் வழியில் போய், தேவைப்பட்டால் ஒருத்தியை ஒருத்தி சுட்டுக்கொள்வார்கள், அது வேறு. ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் கடற்கரையில் கூடுகிற நேரத்தில் மேலேயிருந்து பார்த்தால் மணலில் அங்கங்கே விளக்கு எரியும். பையன்கள் அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு தடவையாவது வாய் திறந்து, புகார் வாங்கி, என் காதுக்கு வந்து சேர்ந்தவர்கள்தானே எல்லோரும்.

வற்றல் காயவைக்க மாடிக்கு வந்த என் மாமியார் ஒரு நாள் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கடலையும் விளக்குகளையும் வெகு நேரம் பார்த்தார். ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் வைத்தேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இதுல பொம்பளைங்களே கெடையாதா?" என்றார். "கீறாங்க அத்தை, பேச மாட்டாங்க. பேசுனா ஆம்பளைங்க ஒண்ணா சேந்துக்கினு வாய மூடிடுவாங்க" என்றேன். அத்தை வற்றல் தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு இன்னாத்துக்கு அம்மாந்தூரம் கடல் தாண்டிப் போவணும், இங்கியே இருந்துக்கலாமே."

இரண்டு தடவை போன பஸ்

பேசாதவர்களில் தண்ணிப்பாம்பு என்று ஒருத்தி. அவளைப்போல ஒளியத் தெரிந்தவர் அந்தத் தீவில் இல்லை. தண்ணீரில் முங்கினால் எங்கே எழுந்திருப்பாள் என்று கொக்குக்கே தெரியாது. அவளும் இன்னும் மூன்று பேசாத பெண்களும் ஓர் அணி. தமிழ் அரங்குப் போட்டியில் சத்தமில்லாமல் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். கடைசிச் சுற்றுகளுக்கு ஒரு விதி இருந்தது. அணித் தலைவர் மைக்கில் பேசியே ஆக வேண்டும், பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்க வேண்டும். வேறு வழியில்லாமல் அவள் மைக்கைத் திறந்தாள். "கெணத்துக்கு அந்தாண்ட ரெண்டு பேரு கீறாங்க, கம்முனு வாங்க." சின்னக் குரல். எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது வெளியே சாலவாக்கம் போகிற தனியார் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போனது. அந்த ஆரனை எங்கள் சாலையில் தெரியாதவர் கிடையாது. பாட்டு மாதிரி எழும்பி வந்து கடைசியில் ஜலதோஷம் பிடித்ததுபோல் உடையும். பஸ் போய்ச் சற்று நேரத்தில் அதே ஆரன், அதே ஜலதோஷம், என் ஹெட்போனுக்குள் கேட்டது. அவள் குரலுக்குப் பின்னால். ஒரே பஸ் என்னை இரண்டு தடவை தாண்டிப் போயிற்று. அவள் இதே சாலையில் சில நிறுத்தம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடலாம்போல் இருந்தது. போகவில்லை. ஆடுகிறவர்களைத் தேடிப் போகக் கூடாது என்பது விதி. அதைவிட, எனக்குக் கேட்டது வேறு யாருக்கும் கேட்காமலா இருக்கும் என்று திகிலாக இருந்தது. அதற்குள் வழக்கம்போல் புகார் விழுந்து அவள் மைக் மூடிக்கொண்டது. நாலு பேரும் சேர்ந்து எப்படியோ அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். சாயங்காலம் அவள் கொக்குக்கு எழுதினாள்.

"மைக்கத் தொறந்தாதான் தலைவராம், தொறந்தா பேச வுட மாட்றாங்க, நான் இன்னா பண்ணட்டும் சார்?"

எந்தத் தெரு

கேட்டுத்தான் இருந்தது. அடுத்த சுற்றுக்கு முன்னால் எல்லோரும் கடற்கரையில் கூடியிருந்தபோது சிங்கக்குட்டி சிரித்துக்கொண்டே சொன்னான். "தண்ணிப்பாம்பு, அந்த ஒடஞ்ச ஆரன் எங்க ரோட்டு பஸ்ஸு ஆச்சே. எந்த ஸ்டாப்புன்னு கண்டுபுடிக்க எம்மா நேரம் ஆவும்? எந்தத் தெருன்னுகூட சொல்லட்டா?" எங்கள் பக்கத்தில் ஒருவரின் தெருவைச் சொல்லிவிட்டால் மீதி எல்லாவற்றையும் சொன்ன மாதிரிதான். தண்ணிப்பாம்பின் மைக் மூடிக்கொண்டது. இந்தத் தடவை புகாரில்லை, அவளே மூடினாள். மணலில் அவள் வைத்திருந்த விளக்கும் அணைந்தது.

பிறகு கொக்குக்கு நீளமாக எழுதினாள். நர்சிங் படிக்கிறாளாம், பாடமெல்லாம் போனில்தான் இருக்கிறதாம். ஆம்பளைங்களோடு பேசி விளையாடுகிறாள் என்று ஊரில் யாராவது போய்ச் சொன்னால் அண்ணன் போனைப் பிடுங்கிவிடும், படித்தது போதும் என்றும் சொல்லிவிடும், அதனால் போட்டியிலிருந்து எங்கள் அணியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். நான் சிங்கக்குட்டியைத் தடை செய்யச் சொல்லி எனக்கு மேலே இருக்கிற டீம் லீடுக்கு எழுதினேன். லீட் சென்னையில் இருக்கிற இளைஞன், கெட்டவன் இல்லை. பதிவை நிதானமாகக் கேட்டிருக்கிறான். தடைசெய்யப்பட்ட சொல் எதுவும் அதில் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் நெட்வொர்க் சரியில்லையா என்று கேட்பானே என்று அடக்கிக்கொண்டேன்.

"அவர் பஸ்ஸைப் பத்தித்தானே மேடம் பேசியிருக்காரு?"

தொண்டை

"ஒரு ஆட்டம் மட்டும் பொறு" என்று அவளுக்கு எழுதினேன். எதை நம்பி எழுதினேன் என்று எனக்கே தெரியாது. ஆட்டத்தன்று சிங்கம் உறுமிக்கொண்டு நுழைந்தது. "இன்னிக்கும் பஸ்ஸு வருதா பாக்கலாம்" என்றான். திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய், ஆனால் பஸ் வருகிற நேரம் எனக்குத் தெரியும். ஜன்னலை விரியத் திறந்தேன். பிறகு கொக்கின் மைக்கைத் திறந்தேன். "எல்லோருக்கும் வணக்கம். போட்டி விதிகளைப் படிக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். என் குரல் அந்தக் கடல் மேல் பரவிப் போவதை நானே கேட்டேன். இத்தனை காலமும் மேலேயே பறந்துகொண்டிருந்தவள் முதல் தடவை காலைத் தண்ணீரில் வைத்த மாதிரி ஜில்லென்று இருந்தது. அப்போது கீழே பஸ் வந்தது. ஆரன் எழும்பி, உடைந்து, போயிற்று.

சென்னையில் ஏசி ரூமில் இருக்கிற கொக்கு சாருக்குப் பின்னாலும் அதே ஜலதோஷ பஸ். "அது எங்க ரோட்டு..." என்று சிங்கக்குட்டி இழுத்தான். யாரோ சிரித்தார்கள். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடைசி ஆட்டத்தன்னிக்கு நான் பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்துக்கினு ஆடறேன். எனக்கு ஆரன் கேக்கறதும் அவ மைக்ல கேக்கறதும் வெச்சே ஊரச் சொல்றேன்" என்று சவால் விட்டான். தண்ணிப்பாம்பு விலகவில்லை. ஒன்றிரண்டு வார்த்தை மட்டும் பேசி அந்த ஆட்டத்தை ஜெயித்தாள். நடுவில், பெண் குரல் கேட்ட பழக்கத்தில் நாலைந்து பேர் புகாரை அழுத்த, கொக்கின் மைக்கும் தானாக மூடிக்கொண்டது. அந்தப் புகாரை விசாரிக்க வேண்டியவளும் நான்தான். அழுத்தினவர்களில் ஒருவன் மட்டும் அக்கறையாக நாலு வார்த்தை எழுதியிருந்தான்.

"சார், தொண்ட கட்டிக்கிச்சா, சுக்குத் தண்ணி குடிங்க சார்."

மஸ்கட் வழி

கொக்கு இன்னொரு தடவை வாய் திறந்தால் வேலை போய்விடும் என்று லீட் சொல்லிவிட்டான். அதனால் கடைசி ஆட்டத்தன்று நான் மைக்கை மூடிக்கொண்டு பறந்தேன். பஸ் வரும், அவன் நிறுத்தத்தில் இருப்பான், நேரத்தைக் கணக்குப் போட்டால் அவள் ஊர் தெரிந்துவிடும். அவள் படிப்பு அந்த ஆரனில் தொங்கிக்கொண்டிருந்தது. கடற்கரையில் பையன்கள் இடியும் பட்டாசுமாக இறங்கினார்கள். பிறகு பேசாதவள் ஒருத்தி நுழைந்தாள், எப்போதும் சத்தம் காலியாக இருக்கும் ஒருத்தி. ஆரன் கேட்டது. எழும்பி வந்து, கடைசியில் ஜலதோஷம் பிடித்து உடைந்தது. பின்னாலேயே திருப்பூரில் பனியன் தைக்கிற பெண் வந்தாள், அதே ஆரன். நாகர்கோவில்காரி வந்தாள், அதே ஆரன். மஸ்கட்டில் வீட்டு வேலை செய்கிற ஒருத்தி வந்தாள், அதே ஆரன். குக்கர் அக்கா நுழைந்தபோது ஆரனும் விசிலும் சேர்ந்து வந்தன. கொக்கின் மைக்கில் கேட்ட ஆரனை அன்றே பதிவு செய்து, அவர்தான் பேசாதவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கரை முழுக்க விளக்குகள், கொக்குக்கு இறங்க இடமில்லை.

சுடப்பட்டு மறுபடி நுழையும்போதெல்லாம் ஆரன், இடையிடையே மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டும் ஆரன். அத்தனை மைக்கையும் புகார் அழுத்தி மூட அங்கே ஆள் போதவில்லை. அதற்கு நடுவில் தண்ணிப்பாம்பு ஆட்டம் முழுக்கப் பேசினாள், கத்தினாள், ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தாள். நிஜ பஸ் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. கடைசியில் கிணற்றடியில் அவளைச் சுட்டு ஜெயித்தது குக்கர் அக்காவின் அணி. சுடுமுன் அக்கா தன் விளக்கைக் கீழே வைத்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். மறுநாள், பரீட்சை வருகிறது, கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று தண்ணிப்பாம்பு அதே போனிலிருந்து எழுதினாள். சிங்கக்குட்டி மட்டும் ஆட்டம் முடிந்த கையோடு, வெயிலில் நிறுத்தத்தில் உட்கார்ந்தபடியே கொக்குக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

"காலையிலேர்ந்து ஸ்டாப்புலயே ஒக்காந்துக்கினு கீறேன், இந்த பஸ்ஸு எத்தினி ஊருக்குத்தான் சார் போவுது?"

பெண் குரலைக் கேட்டதும் சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நம்புகிறவர்களை, சாலவாக்கம் பஸ் மஸ்கட் வழியாகப் போகிறது என்று நம்பவைப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை.